மெஷின் இல்லாத கட்டம்

"பதினெட்டா?" கனியம்மாள் சிஸ்டர் அந்தத் தாளை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "ஏலே, பதினெட்டுன்னு எவம்ல எழுதினது?" எவன் எழுதினது என்று சிஸ்டருக்கே தெரியும், கட்டத்துக்குக் கீழே இ.ரா. என்று அவன் கையெழுத்து இருக்கிறதே, இருந்தாலும் கேட்டார், அவன் வாயால் வரட்டும் என்று. நான்தான் சிஸ்டர் என்றான் இசக்கிராஜ். "ரெண்டு மணிக்கு மூச்சு பதினெட்டு. நாலேகாலுக்கு நான் எண்ணுதேன், முப்பத்தாறு. நடுவுல அந்த மனுசன் எந்திரிச்சுப் போயி ஊரைச் சுத்தி ஓடிட்டு வந்து படுத்தாரோ?" வேறு நாளாயிருந்தால் அவன் சிரித்திருப்பான், சிஸ்டர் திட்டினாலே வார்டில் பாதிப் பேர் சிரிப்பார்கள். இப்போது ஒன்பதாம் நம்பர் கட்டில் காலியாகக் கிடந்தது. தலையணையில் தலை அழுந்தின குழி அப்படியே இருந்தது. அதில் படுத்திருந்த கோமதிநாயகம், ரிட்டையர்டு கண்டக்டர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள், அரைமணி நேரத்துக்கு முன்னால் உதடு நீலம் பாரித்து ஸ்ட்ரெச்சரில் மூன்றாம் மாடி ஐ.சி.யூ.வுக்குப் போய்விட்டார். ஃபைலும் அவரோடு போய்விட்டது. கட்டில் காலில் தொங்கின இந்தச் சார்ட் மட்டும் அவசரத்தில் இங்கேயே தங்கிவிட்டது, அதைத்தான் டாக்டர் மேலே கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். "எண்ணுனியால?" என்றார் சிஸ்டர். அவன் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "வேண்டாம். சொல்லாத. எனக்குத் தெரிய வேண்டாம்." அப்புறம் குரலை இறக்கி, டிரெஸ்ஸிங் ரூமுக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்து, மேஜைமேல் ஒரு புதுச் சார்ட்டை விரித்து, பழசைப் பக்கத்தில் வைத்து, நீலம் ஒன்று கறுப்பு ஒன்று இரண்டு பேனாவையும் வைத்தார். "மூணு நாளையும் அப்படியே பாத்து எழுது. நைட் ஸ்டாஃப் எழுதினதெல்லாம் நீலம், நம்ம எழுதினது கறுப்பு. பழசுல காப்பி கொட்டிருச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். ரெண்டு மணிக் கட்டத்துல மட்டும் பத்தொன்பது போடு." பத்தொன்பதா என்று அவன் முழித்தான். "இருபத்தொண்ணுக்குப் போனா சார்ட்டுல மஞ்சள், ஏன் எங்கிட்ட வந்து சொல்லலன்னு டாக்டரு கேப்பாரு. பதினெட்டுன்னா எண்ணாமப் போட்டதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். பத்தொன்பதுன்னா எண்ணுனவன் எழுதின மாதிரி இருக்கும். ஒத்தப்படை, புரியுதா? யார் கேட்டாலும் பத்தொன்பது." கதவைச் சாத்தப் போனவர் திரும்பினார். "எம் மகனுக்கும் ஒன் வயசுதாம்ல." கதவு மூடிக்கொண்டது.

ஒத்தப்படை. எப்படித் தெரிந்தது சிஸ்டருக்கு? இருபது வருஷ சர்வீஸ், தெரியாமலா இருக்கும். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால் பெருக்குகிறவனுக்கு எப்போதும் ரெட்டைப்படைதான் வரும், எண்ணாதவன் போடுவதும் ரெட்டைப்படை, பதினெட்டு, இருபது, பதினெட்டு. ஒரு நிமிஷம் முழுசாக நின்று எண்ணுகிறவனுக்குத்தான் எப்போதாவது ஒத்தப்படை வரும். அவன் பழைய தாளைப் பார்த்தான். வெப்பம் ஒரு வரிசை, நாடி ஒரு வரிசை, பிபி, ஆக்ஸிஜன், அதற்கெல்லாம் மெஷின் உண்டு, விரலில் கிளிப்பை மாட்டினால் நம்பர் வந்து நிற்கும், பட்டையைக் கையில் சுற்றினால் அதுவே ஊதி அதுவே இறங்கி நம்பரைச் சொல்லும், நீ சும்மா எழுதினால் போதும். மூச்சு வரிசைக்கு மட்டும் மெஷின் கிடையாது. அந்த வரிசையில் மூன்று நாளாக பதினெட்டு, பதினெட்டு, இருபது, பதினெட்டு, பதினெட்டு, வரிசையாகப் பல் மாதிரி. ஒரே ஒரு இடத்தில் பதினேழு. நேற்றுக் காலை பத்து மணி. கீழே ஜெ. என்று கையெழுத்து. ஜெயசீலி மேடம். அவன் படிக்கிற ஹெல்த் அசிஸ்டென்ட் கோர்ஸுக்கு அவர்தான் டியூட்டர், ஆறு மாசக் கோர்ஸ், முடிய இன்னும் மூன்று வாரம். நேற்று ஆறு பேரையும் இதே ஒன்பதாம் நம்பர் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்துத்தான் மறுபடி செய்து காட்டினார். மூச்சை எண்ணப் போறேன்னு பேஷண்ட்கிட்ட சொல்லாதீங்க, சொன்னா அவங்களுக்கே தெரியாம மூச்சை மாத்திருவாங்க, நாடி பாத்து முடிச்சதும் கையை விட்டுறாதீங்க, நாடி பாக்குற மாதிரியே மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாருங்க, ஒரு நிமிஷம், முழுசா. மேடத்துக்குப் பொறுமை கிடையாது, இதைச் சொல்லும்போதே போன் டைமரைத் தட்டிவிட்டார். ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். நின்றார்கள் என்ன, அவனும்தான் நின்றான், ஆனால் அவன் பார்த்தது கோமதிநாயகத்தின் நெஞ்சை இல்லை, எதிரில் நின்ற அபிஷாவின் கழுத்துச் சங்கிலியை. அதை இப்போது எதற்கு நினைக்கணும்? அதையும் நினைத்துத்தான் ஆகணும்போல. வெட்கம் வந்துவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது, போலீஸ்காரன் மாதிரி.

ஒரு நிமிஷம் முடிந்ததும் கோமதிநாயகம் சிரித்தார். "என்ன மேடம், நாடியா பாத்தீங்க? நாடி பாக்கேன்னு சொல்லிட்டு நெஞ்சையில்ல பாத்தீங்க." மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு பேரும் சிரித்தார்கள். "முப்பத்தி ரெண்டு வருசம் தென்காசி வண்டில கண்டக்டர் மேடம். டிக்கெட் எடுத்தவன் கண்ணு ஒரு மாதிரி இருக்கும், எடுக்காதவன் கண்ணு ஒரு மாதிரி இருக்கும். டிக்கெட் எடுக்காதவன் கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டே சன்னலப் பாப்பான். நான் கையைப் பாக்கவே மாட்டேன், கண்ணைத்தான் பாப்பேன்." அப்புறம் ஆறு பேரையும் பார்த்து, ஒவ்வொருத்தராக விரலை ஆட்டி எண்ணினார், ஒண்ணு ரெண்டு மூணு என்று, அவர் பழக்கம் அது, வார்டில் யார் கூட்டமாக வந்தாலும் எண்ணுவார். தலையை எண்ணாம விசில் ஊத மாட்டேன்யா என்பார். பஸ்ஸில் நாற்பது பேர் ஏறினால் நாற்பதையும் எண்ணிய பிறகுதான் வண்டி நகருமாம், டிரைவர் கத்துவானாம், பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரன் அடிப்பானாம், ஒரு நாளும் குத்துமதிப்பாகச் சீட்டு எழுதியதில்லையாம். பெருமையடிக்கிற கிழவன் என்று அப்போது நினைத்தான். அபிஷாகூட, தாத்தா செம என்று காதில் சொன்னாள். அந்தத் தாத்தா இப்போது மேலே மூஞ்சியில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு.

சரி, எழுது. அவன் நீலப் பேனாவை எடுத்தான். முதல் நாள், ஆறு மணி, வெப்பம் தொண்ணூற்று எட்டு புள்ளி நாலு. நாடி எழுபத்தாறு. மூச்சு பதினெட்டு. அடுத்தவன் பொய்யை அவன் கையால் எழுதுகிறான். பொய் என்று எப்படிச் சொல்ல முடியும், அவர்கள் எண்ணியே இருக்கலாம், எண்ணிப் பதினெட்டே வந்திருக்கலாம், நல்லா இருக்கிற மனுஷனுக்குப் பதினெட்டுதானே. அதுதான் தொந்தரவே. பதினெட்டு நிஜமாகவும் இருக்கலாம். அவனே மூச்சை எண்ணிப் பார்த்தான், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, நெஞ்சு எழும்புவது தெரிகிறது, மூன்று, ஆனால் எண்ணுகிறோம் என்று தெரிந்ததும் மூச்சு அவன் கைக்கு வந்துவிட்டது, அவன் விட்டால்தான் விடுகிறது, இழுத்தால்தான் இழுக்கிறது, நாலு, ஐந்து, பதினெட்டில் கொண்டுபோய் நிறுத்தணும் என்று அவனை அறியாமலே மெதுவாக இழுக்கிறான். தன் மூச்சைக்கூட ஒழுங்காக எண்ண முடியவில்லை. நிறுத்தினான். பெனட் அண்ணன்தான் முதலில் பதினெட்டைச் சொல்லிக் கொடுத்தது. கோர்ஸ் முடித்து ரெண்டு வருஷமாக இதே வார்டில் இருக்கிற ஆள், நல்ல ஆள், டீ வாங்கிக் கொடுப்பார். "மேடம் சொல்லுதது பரீட்சைக்குடே. வார்டுக்கு நான் சொல்லுதேன் கேளு. பதினாலு பெட். பெட்டுக்கு ஒரு நிமிசம் மூச்சுக்கே போச்சுன்னா சாப்பாட்டு டிராலிய எவன் தள்ளுவான், பெட்பேன எவன் எடுப்பான்? பதினெட்டு போடு, சந்தேகமா இருந்தா இருபது போடு. ஆளுக்கு முடியாமப் போனா மத்த மெஷினே கத்தும்." அப்புறம் அவன் போட்டான். முதல் நாள் போடும்போது கை கொஞ்சம் கூசியது. மூன்றாம் நாள் கூசவில்லை. பெனட் அண்ணன்மேல் பழியைப் போடலாமா? போடலாம். டாக்டரிடம் போய், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இப்படித்தான் என்று சொல்லலாம். ஆனால் மேடமும்தானே சொல்லிக் கொடுத்தார். ரெண்டு பேர் சொல்லிக் கொடுத்தார்கள், அதில் எது லேசோ அதை இவன் எடுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கணக்கில் வழியை எழுதாமல் பக்கத்துப் பையன் விடையை மட்டும் எழுதுவான், விடை சரியாக இருக்கும், மார்க் வராது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு போச்சு, துணைத்தேர்விலும் போச்சு.

எத்தனை பதினெட்டு எழுதியிருப்பான்? பதினாலு பெட், ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு தடவை, மாசத்துக்கு இருபத்தாறு நாள், வார்டு டியூட்டி மூன்று மாசம், வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். அதில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமா? ஏழாம் நம்பரில் ஒரு அம்மா இருந்தாள், போன மாசம், வீட்டுக்குப் போகிறபோது லட்டு கொடுத்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. பதிமூன்றில் இருந்த மீசைக்காரர்? அவர் மதுரைக்குப் போனார், ஏன் போனார் என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததும் நல்லதாய்ப் போச்சு என்று இப்போது தோன்றியது, தோன்றினதும் காது ரெண்டும் சூடானது, யாரோ பிடித்துத் திருகினதுபோல. மூச்சுதான்டா முதல்ல சொல்லும் என்று மேடம் போர்டில் எழுதினாரே. பிபி கடைசியில்தான் சொல்லும், அது பொய்க்காரன், கடைசி நிமிஷம் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லும், மூச்சு முதல்லயே சொல்லிரும். இருபத்துநாலுக்கு மேல போனா சிவப்பு. சிவப்புன்னா ஓடு. வராண்டாவுல ஓடக் கூடாதுங்குற ரூல் அதுக்கு மட்டும் கிடையாது. வார்டு முழுக்கப் பதினெட்டுன்னு எழுதிக்கிட்டு வந்தீங்கன்னா அது வார்டு இல்ல, பொம்மைக் கடை. எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகமாகச் சிரித்தான். வகுப்பில் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் எண்ணிப் பழகச் சொன்னபோது அவனுக்கு அபிஷா வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தான், வளையல் ஒன்று நழுவி அவன் விரல்மேல் விழுந்தது, அவள் சிரிப்பை அடக்கினாள், அவனுக்கு நெஞ்சைப் பார்க்கவும் கூச்சம், பார்க்காமல் இருக்கவும் முடியாது, தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டு இருபத்து மூன்று என்றான். "இருபத்து மூணா? அவ சிரிச்சா இருபத்து மூணுதான் வரும், நீ விட்டா அவ ஐ.சி.யூ.வுக்குப் போயிருவா" என்றார் மேடம். அன்றைக்கு அவன் எண்ணினான். அதைச் சொல்லியாகணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒழுங்காக எண்ணினான், ஒத்தப்படையும் வந்தது.

இரண்டாம் நாள் முழுக்க எழுதி முடித்தான். கறுப்புப் பேனா, நீலப் பேனா, மற்றவர்கள் கையெழுத்தைப் போடும்போது கை கோணியது, ஜெ. மட்டும் அழகாக வந்தது. பதினேழு. அதைப் போடும்போது மட்டும் பொய் எழுதுகிற மாதிரி இல்லை. மூன்றாம் நாள், காலை ஆறு, பத்து, இப்போது ரெண்டு மணி. வெப்பம் தொண்ணூற்று ஒன்பது. எழுதினான். நாடி நூற்று நாலு. எழுதினான். நூற்று நாலு என்று மெஷின் சொன்னபோதே ஒரு நிமிஷம் நின்றிருக்கணும். நின்றான். அதுதான், நின்றானே. ஆக்ஸிஜன் தொண்ணூற்று நாலு, வலியில இருக்கிற ஆளு, வெயில் வேற, என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். பிபி நல்லா இருந்தது, பொய்க்காரன். பேனா மூச்சுக் கட்டத்துக்கு வந்து நின்றது. ஒரு புள்ளி விழுந்தது. கையை எடுத்தான்.

என்ன நடந்தது ரெண்டு மணிக்கு? பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் கேவலம். உலகம்மாள், கண்டக்டர் சம்சாரம், கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் டிபன் கூடைமேல் கையை வைத்துக்கொண்டு தூங்கலும் முழிப்புமாக இருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் கோமதிநாயகத்தின் முழங்கால்மேல் விழுந்திருந்தது. இவன் நாடியைப் பார்த்தான், கையை விடவில்லை. விடவில்லை, அது நிஜம், மேடம் சொன்ன மாதிரியே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்றைக்காவது எண்ணிப் பார்ப்போம் என்றுகூட நினைத்தான், அதுவும் நிஜம். அப்போது பையில் போன் அதிர்ந்தது. இடது கையில் கிழவர் மணிக்கட்டு, வலது கையில் போன், டிரேக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. பள்ளிக்கூட குரூப்பில் கிஷோர் படம் போட்டிருந்தான், இன்ஜினியரிங் காலேஜ் வாசலில், கழுத்தில் ஐ.டி. கார்டு. அந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவன் விரலால் பெரிசாக்கினான். பெயர், டிபார்ட்மென்ட், ரத்தப் பிரிவு. ரத்தப் பிரிவு வரைக்கும் படித்தான். கிஷோர் கணக்கில் இவனைப் பார்த்து எழுதினவன், இவன் வேறு யாரையோ பார்த்து எழுதினதை. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சரியாக ஒரு நிமிஷம். கிழவர் மணிக்கட்டு இவன் கையில் ஈரமாக, குளிர்ந்து கிடந்தது, அதுவும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது, வெயில் காலத்தில் கை ஏன் குளிர்ந்திருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை. நிமிர்ந்தால் கோமதிநாயகம் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் கையை இல்லை, கண்ணை. "தம்பி" என்றார். நிறுத்தினார். "டிக்கெட்டு" என்றார். மறுபடி நிறுத்தினார், வாய் திறந்தே இருந்தது. "எடுக்கலியே." இவன் சிரித்தான். எடுத்தாச்சு தாத்தா என்று சொல்லிவிட்டுப் பதினெட்டு எழுதினான். பெருமைக்காரக் கிழவர் இன்றைக்கு மூன்று வார்த்தையோடு விட்டாரே, கதை சொல்லாமல் விட்டாரே, நல்லதாய்ப் போச்சு, பத்தாம் பெட்டுக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. மூன்று வார்த்தை பேச மூன்று தடவை மூச்சு வாங்கினாரே. அது காதில் விழுந்தது. விழாமல் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதது, போனுக்குத் தெரியாதது, அவருக்குத் தெரிந்திருந்தது. டிக்கெட் எடுக்காதவன் என்று தெரிந்தேதான் கையைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

வெளியில் டிராலிச் சக்கரம் கீச்சிட்டுப் போனது. மணி ஐந்தேகால். சிஸ்டர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். பத்தொன்பது என்று எழுதினால் என்ன? எழுதினால் அவர் மூச்சு கூடவா போகுது, குறையவா போகுது? அதுதான் நடந்து முடிந்துவிட்டதே. சிஸ்டருக்கும் நல்லது, அவருக்கு மெமோ வராது, இவனுக்குச் சர்டிஃபிகேட் வரும், அம்மா தெருவில் எம் மவன் ஆஸ்பத்திரியில வேலை பாக்கான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், அது பொய்யாகாது. ஒன்று எழுதி ஒன்பது எழுதணும், ரெண்டு கோடு. மனசு பிடிவாதமாக வேறு ஒரு நம்பரைத் தேடியது, நிஜ நம்பர் எவ்வளவாக இருந்திருக்கும், இருபத்தெட்டா, முப்பதா, அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் எண்ணின மாதிரி ஆகிவிடும் என்பதுபோல. மூன்று வார்த்தைக்கு மூன்று மூச்சு, அப்படியென்றால் ஒரு நிமிஷத்துக்கு? வழி தெரியாமல் விடை எழுதுகிற அதே வேலை. அந்த நிமிஷம் போச்சு. அதை யாரும் எண்ணவில்லை. உலகத்தில் எங்கேயும் அந்த நம்பர் கிடையாது.

கதவு தட்டாமல் திறந்தது. சிஸ்டர் என்று எழுந்தான். உலகம்மாள். மூன்று மாடி இறங்கி வந்திருக்கிறாள், லிஃப்டில் ஏறப் பயம் அவளுக்கு, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நின்றாள், சேலைத் தலைப்பு நெஞ்சின்மேல் எழும்பி எழும்பி இறங்கியது. இவன் கண் தானாக அங்கே போனது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் பேச ஆரம்பித்ததும் எண்ணிக்கை உடைந்தது. "ஒன்னயத்தாம்யா தேடுதேன். எல்லா ரூமும் பாத்துட்டேன்."

"தாத்தா எப்படிம்மா இருக்காவ?"

"குழாய மாட்டி வச்சிருக்காவ. கண்ணு முழிக்காவ, பேச முடியல." தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "டாக்டரு கேக்காருய்யா, எப்பம் இருந்து மூச்சு இப்படி இருக்குன்னு. எனக்கு என்ன தெரியும், நான் பாவி மத்தியானம் கண்ணசந்துட்டேன். ரெண்டு மணிக்கே இருந்துச்சுன்னா ஒரு வைத்தியமாம், இப்பம்தான் வந்துச்சுன்னா வேற வைத்தியமாம், சார்ட்டு இன்னும் வரலங்காரு. நான் சொல்லிட்டேன், சார், ஒரு தம்பி உண்டு, மத்தவியள மாதிரி இல்ல, ஓடிக்கிட்டே எழுதுத புள்ள இல்ல, ரெண்டு மணிக்கு அவிய கையைப் பிடிச்சுக்கிட்டு, தலையக் கூட நிமித்தாம, ஒரு நிமிசம் முழுசா நின்னு பாத்துச்சு, அதுட்ட கேட்டா தெரியும்னு. நான் அரைக்கண்ணுல பாத்துக்கிட்டுதான இருந்தேன்." அவன் கையைப் பிடித்தாள், மணிக்கட்டுக்கு மேலே. "எம்புட்டுய்யா இருந்துச்சு?"

பத்தொன்பது. நாக்கில் தயாராக இருந்தது. அப்படித் தயாராக இருக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். சொன்னால் அவள் நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறுவாள், படி படியாக, பத்தொன்பது பத்தொன்பது என்று மறக்காமல் சொல்லிக்கொண்டே, டாக்டரிடம் போய் அதைக் கொடுப்பாள், டாக்டர் அதை வைத்து ஒரு வைத்தியம் செய்வார். பிடித்த கையை அவள் விடவில்லை. நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்தானே, முடியவில்லை, மேலே மூன்றாம் மாடியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

"நான் எண்ணலம்மா."

"என்னய்யா?"

"மூச்ச எண்ணல. பதினெட்டுன்னு சும்மா எழுதினேன். ரெண்டு மணிக்கே தாத்தாவுக்கு மூச்சு வாங்கிச்சு. பேசும்போது விட்டு விட்டுப் பேசினாவ. கை குளுந்திருந்துச்சு. நாடி நூத்தி நாலு, அது நிஜம். ரெண்டு மணிக்கே இருந்துச்சுன்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. நானும் வாரேன், நானே சொல்லுதேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் முகத்தையும், மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த ரெண்டு தாளையும், ரெண்டு பேனாவையும் பார்த்தாள். எழுத்து படிக்கத் தெரியுமோ தெரியாதோ, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகிறது என்பது யாருக்கும் தெரியும். மணிக்கட்டிலிருந்து அவள் கை மெதுவாகக் கழன்றது. "கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற குரல். "ஒரு நிமிசம் நின்னியே. எண்ணலன்னா, அம்புட்டு நேரமும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த?"

போன் பையில்தான் இருந்தது, தொடைமேல் உறுத்திக்கொண்டு. அவள் பதிலுக்கு நிற்கவில்லை, படிப்பக்கம் திரும்பிவிட்டாள். அவன் பழைய தாளை எடுத்துக்கொண்டான். புதுத் தாள் மேஜையிலேயே கிடந்தது, மூன்று நாளும் நிரம்பி, ரெண்டு மணி மூச்சுக் கட்டத்தில் மட்டும் ஒரு புள்ளியோடு. வராண்டா முனையில் கனியம்மாள் சிஸ்டர் வருவது தெரிந்தது, ஏலே எழுதிட்டியால, எங்கல போற என்ற குரலும் கேட்டது. சிஸ்டர் பத்தொன்பது போடச் சொல்லியிருந்தார். ஜெயசீலி மேடம் அதற்கு முன்னாலேயே சொல்லியிருந்தார், கையை விடாத, வேற எங்கயும் பாக்காத, நெஞ்சை மட்டும் பாரு, ஒரு நிமிஷம். கையை மட்டும்தான் அவன் விடாமல் இருந்தான்.